38,000 ஜிபியு ரெடி... ஆனா உள்ளே வேலை நடக்குதா? 'ரன்னிங்' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கு?

ஒரு ஜிபியு, ஒரு மணி நேரத்துக்கு சுமார் 65 ரூபாய். 'இந்தியா ஏஐ மிஷன்' திட்டத்தில் ஸ்டார்ட்-அப்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்த மானிய விலையில் கம்ப்யூட்டிங் வசதி தருவதாக மத்திய அரசு சொல்கிறது. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. மொத்த ஒதுக்கீடு சுமார் 10,372 கோடி ரூபாய். 10,000 ஜிபியு என்பதுதான் முதல் இலக்கு. 2025-லேயே அந்த எண்ணிக்கை 38,000-ஐத் தாண்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

செய்திகளில் வருவது இந்த எண்ணிக்கைதான். எத்தனை ஜிபியு வாங்கினோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. கொடுத்த ஜிபியு இந்த நிமிஷம் உருப்படியா ஏதாவது கணக்குப் போடுதா, இல்ல சும்மா சூடாகிக்கிட்டு இருக்கா? இதை யாரும் கேட்பதில்லை. வரிப்பணத்தில் ஓடும் எல்லா சூப்பர் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் கேள்வி இது.

கல்யாண மண்டபத்தை யோசிச்சுப் பாருங்க. மண்டபம் புக் ஆகிவிட்டது என்று ரிஜிஸ்டரில் இருக்கும். ஆனால் உள்ளே முகூர்த்தம் நடக்கிறதா, விளக்கு மட்டும் எரிகிறதா என்பது ரிஜிஸ்டரைப் பார்த்தால் தெரியாது. கதவைத் திறந்துதான் பார்க்கணும். கிளஸ்டர் விஷயமும் அதேதான்.

கிளஸ்டர்னா என்ன? ஏன் க்யூ?

சூப்பர் கம்ப்யூட்டர் என்றதும் ஒரே ஒரு பிரம்மாண்ட மெஷினைக் கற்பனை செய்ய வேண்டாம். நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான தனித்தனி கம்ப்யூட்டர்களை அதிவேக நெட்வொர்க்கில் கோர்த்து வைத்திருப்பார்கள். அதுதான் கிளஸ்டர். அதில் இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'நோட்' என்று பெயர்.

நம்ம ஊர் உதாரணம், திருச்சி என்.ஐ.டி.யில் இருக்கும் 'பரம் பொருள்'. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 2022 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. இதன் உச்ச வேகம் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது ஒரு நொடியில் 838 லட்சம் கோடி கணக்குகள். இதைவிடப் பெரியது பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் உள்ள 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் 'பரம் பிரவேகா'. 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை 4,500 கோடி ரூபாய்.

இவ்வளவு பெரிய மெஷினை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட முடியாது. ஒருத்தர் புயலின் பாதையைக் கணக்குப் போடுவார். இன்னொருத்தர் மருந்து மூலக்கூறு ஒன்றை ஆராய்வார். மூன்றாமவர் ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார். இவர்கள் யாருமே மெஷினை நேரடியாகத் தொடுவதில்லை. 'இத்தனை நோட் வேணும், இவ்வளவு மெமரி வேணும், இத்தனை மணி நேரம் வேணும்' என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதி அனுப்புவார்கள். அந்தக் கோரிக்கைக்குப் பெயர்தான் 'ஜாப்'. வரும் ஜாப்களை வரிசைப்படுத்தி இடம் கொடுக்க தனியாக ஒரு மென்பொருள் உண்டு.

உலகம் முழுக்க அதிகம் பயன்படுத்தப்படுவது 'ஸ்லர்ம்' என்ற மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ். நம்ம பரம் வரிசை மெஷின்களிலும் இதுதான் க்யூவைப் பார்த்துக்கொள்கிறது. 'எஸ்-க்யூ' என்று ஒரு கமாண்ட் அடித்தால் ஒரு பட்டியல் வரும். ஜாப் நம்பர், அனுப்பியவர் பெயர், எவ்வளவு நேரமாக ஓடுகிறது, நடுவில் ஒரு எழுத்து. 'பிடி' என்றிருந்தால் காத்திருக்கு. 'ஆர்' என்றிருந்தால் ஓடுது.

பெரும்பாலானவர்கள் 'ஆர்' வந்ததும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிக்கும் இடமும் அதுதான்.

ஓடுது... ஆனா ஓடலை

'ரன்னிங்' என்று ஸ்லர்ம் சொல்வதற்கு அர்த்தம், உங்களுக்கு இடம் கொடுத்தாச்சு, உங்கள் புரோகிராம் இன்னும் மூடப்படவில்லை என்பது மட்டும்தான். அது உருப்படியான வேலை செய்கிறதா என்பது ஸ்லர்முக்குத் தெரியாது. அது மண்டப மேனேஜர், சமையல்காரர் இல்லை.

அந்த 'ஆர்'-க்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம்? 8 ஜிபியு கேட்டு வாங்கிவிட்டு, கோடில் ஒரு செட்டிங் மாற்ற மறந்ததால் ஒன்றே ஒன்றுதான் வேலை செய்யும். மற்ற ஏழும் சும்மா. அல்லது டேட்டா ஃபைல் வந்து சேரும் வரை எல்லா ஜிபியுவும் வாய் பார்த்துக்கொண்டிருக்கும். இல்லையென்றால் பல நோட்களில் ஓடும் புரோகிராமில் ஒன்று மட்டும் தொங்கிப்போய்விடும். மற்றவை அதன் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே 'ஓடுது'.

நாமே ஒரு கணக்குப் போடுவோம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு 8 ஜிபியுவில் ஒரு ஜாப் தொங்கிவிடுகிறது. அனுப்பியவர் திங்கள் காலை 9 மணிக்குத்தான் எட்டிப் பார்க்கிறார். 63 மணி நேரம். 8 ஜிபியு என்றால் 504 ஜிபியு-மணி. 65 ரூபாய் விலையில் 32,760 ரூபாய் காலி. அதோடு அந்த 63 மணி நேரமும் க்யூவில் பின்னால் நின்ற ஒருவரின் வேலை நகரவே இல்லை. 8-க்குப் பதில் 1,000 ஜிபியு, ஒரே ஒரு இரவு 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆறரை லட்சம் ரூபாய்.

இன்னொரு பழக்கமும் உண்டு. 5 மணி நேரத்தில் முடியும் வேலைக்கு 'எதுக்கும் இருக்கட்டும்' என்று 72 மணி நேரம் கேட்பது. 3 ஜிபி மெமரி போதும் என்ற இடத்தில் 64 ஜிபி கேட்பது. இதனால் கேட்டவருக்கே நஷ்டம் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்லர்மில் 'பேக்ஃபில்' என்று ஒரு வசதி இருக்கிறது. பெரிய ஜாப் ஒன்றுக்காக இடம் சேரும்வரை, நடுவில் கிடைக்கும் சின்ன இடைவெளிகளில் சின்ன ஜாப்களை அது சொருகிவிடும். பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் வரை காலியாக இருக்கும் சீட்டில் ஒருவரை உட்கார வைப்பது மாதிரி. 5 மணி நேரம் என்று உண்மையைச் சொன்னவருக்கு இடம் கிடைத்துவிடும். 72 என்று எழுதியவர் காத்திருக்கணும்.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. கேட்ட நேரம் முடிந்தால் ஜாப் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஸ்லர்ம் அதை நிறுத்திவிடும். மெமரி மீறினாலும் அதே கதிதான். அதனால்தான் பாதி வேலையை அவ்வப்போது சேமித்து வைக்கும் 'செக்பாயின்ட்' முறையை எல்லா மையங்களும் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. அது இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

100% என்று காட்டும் மீட்டரை நம்பலாமா?

சரி, ஜிபியுவை நேரடியாகவே பார்த்துவிடலாமே என்று தோன்றும். என்விடியா ஜிபியுக்களில் பயன்பாட்டு சதவீதத்தைக் காட்டும் கருவி உண்டு. அதில் 100% என்று வந்தால் மெஷின் முழு மூச்சில் உழைக்கிறது என்றுதான் யாரும் நினைப்போம்.

அப்படி இல்லை. அந்த மீட்டர் அளப்பது நேரத்தை. கடைசியாக அளந்த இடைவெளியில் எவ்வளவு நேரம் ஏதாவது ஒரு புரோகிராம் ஜிபியுவில் இருந்தது என்பதுதான் அந்த சதவீதம். ஜிபியுவுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான கணக்கு யூனிட்களில் எத்தனை உழைத்தன என்பதை அது சொல்லாது. கடையில் ஒரே ஒரு ஊழியர் வேலை செய்தாலும் 'கடை திறந்திருக்கிறது' என்று சொல்கிற மீட்டர் அது. பல ஜிபியுக்கள் ஒன்றுக்கொன்று பதிலுக்காகக் காத்துத் தொங்கிப்போன நிலையிலும் 100% என்றே காட்டுவதுண்டு.

அனுபவம் உள்ள அட்மின்கள் அதனால் மின்சாரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எச்100 ரகத்தில் சர்வருக்கான ஜிபியு ஒன்று அதிகபட்சமாக 700 வாட் வரை எடுக்கும். பயன்பாடு 100% என்று காட்டிக்கொண்டே மின்சாரத்தில் கொஞ்சம்தான் எடுக்கிறது என்றால், ஏதோ தொங்கிக்கிடக்கிறது என்று சந்தேகிக்கலாம். இதோடு புரோகிராம் கடைசியாக எப்போது லாக் ஃபைலில் ஒரு வரி எழுதியது என்பதையும் பார்த்தால் கிட்டத்தட்ட விடை கிடைத்துவிடும்.

கண்காணிப்பை நன்றாகச் செய்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு மெட்டா நிறுவனம் தன் லாமா 3 ஆய்வறிக்கையில் வெளியிட்ட விவரமே சாட்சி. 16,384 எச்100 ஜிபியுக்கள், 54 நாட்கள். இந்தக் காலத்தில் பயிற்சி 466 முறை தடைபட்டது. அதில் 419 எதிர்பாராதவை. அதாவது சராசரியாக 3 மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. ஜிபியு கோளாறுகள்தான் அதில் பெரும்பங்கு. 16,384-ல் ஒன்றே ஒன்று படுத்தாலும் மொத்த வேலையும் நின்றுவிடும், ஏனென்றால் எல்லாமே ஒரே தாளத்தில் நகர்ந்தாக வேண்டும். ஆனாலும் 90 சதவீதத்துக்கு மேல் நேரம் உருப்படியான பயிற்சியிலேயே போயிருக்கிறது. மனிதர்கள் பெரிதாகக் கைவைக்க வேண்டி வந்தது 3 முறை மட்டுமே. மற்றதையெல்லாம் தானியங்கி கண்காணிப்பே பார்த்துக்கொண்டது. பகல் வெப்பத்தால் வேகத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருந்ததைக்கூட அவர்கள் கவனித்திருக்கிறார்கள்!

பணம் கொட்டிக்கிடக்கும் நிறுவனம், செய்யும் என்று சொல்லலாம். ஆனால் பல்கலைக்கழகங்களும் செய்கின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜிபியு வாங்கிவிட்டு அதைத் தொடாமலே இருக்கும் ஜாப்களுக்கு முதலில் எச்சரிக்கை மெயில் போகும். அப்புறமும் அசையாவிட்டால் ஜாப் தானாகவே ரத்து. இதற்காக அவர்கள் உருவாக்கிய கருவிகள் ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஓடுறது யாரோட வேலை?

வீணாவது ஒரு பக்கம். திருட்டு இன்னொரு பக்கம். சும்மா கிடக்கும் ஜிபியுவையாவது கண்டுபிடிக்கலாம். மும்முரமாக உழைக்கும் மெஷினைப் பார்த்து யாருக்கு சந்தேகம் வரும்?

2014-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'ஒடிஸி' ஆராய்ச்சி கிளஸ்டரை ஒருவர் டோஜ்காயின் என்ற கிரிப்டோ கரன்சி எடுக்கப் பயன்படுத்தியது வெளியே வந்து, அவருக்கு அங்கே கம்ப்யூட்டிங் வசதியே தடை செய்யப்பட்டது. 2018-ல் ரஷ்யாவின் சாரோவ் நகரில் இன்னும் விபரீதம். சோவியத் யூனியனின் முதல் அணுகுண்டு உருவான மூடிய நகரம் அது. அங்குள்ள அணு ஆய்வு மையத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் கிரிப்டோ எடுக்க முயன்றதாக அங்கே வேலை பார்த்த இன்ஜினீயர்களே கைதானார்கள். பாதுகாப்புக்காக இன்டர்நெட்டோடு இணைக்கவே கூடாத மெஷின் அது. இணைக்க முயன்றபோதுதான் மாட்டிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மிஞ்சியது 2020 மே மாதம் ஐரோப்பாவில் நடந்தது. பிரிட்டனின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டரான எடின்பரோவின் 'ஆர்ச்சர்' முதலில் பூட்டப்பட்டது. அடுத்தடுத்த நாட்களில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று பல மையங்கள் வெளியாட்கள் நுழைவதை நிறுத்தின. ஆராய்ச்சியாளர்களின் லாகின் விவரங்களைத் திருடி, அவர்கள் பெயரிலேயே உள்ளே வந்திருந்தார்கள். ஐரோப்பிய கிரிட் அமைப்பின் பாதுகாப்புக் குழு ஆராய்ந்தபோது மொனீரோ கிரிப்டோ எடுக்கும் புரோகிராம் சிக்கியது. சில இடங்களில் அது ராத்திரி நேரத்தில் மட்டும் ஓடும்படி செட் செய்யப்பட்டிருந்தது, அட்மின் கண்ணில் படக் கூடாது என்பதற்காக.

கொரோனாவின் முதல் அலை ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆராய்ச்சிக்கு சூப்பர் கம்ப்யூட்டர்கள் மிகவும் தேவைப்பட்ட வாரங்களில் அவை மூடிக்கிடந்தன. மறுபடி திறந்தபோது ஆர்ச்சர் பயனர்கள் எல்லோருடைய பாஸ்வேர்டும் மாற்றப்பட்டது.

லாகின் சரி, பாஸ்வேர்டு சரி, பெயரும் சரி. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? பழக்கத்தை வைத்துத்தான். வானிலை கணக்குப் போடுகிறவர் திடீரென்று ராத்திரி 2 மணிக்கு, வழக்கமில்லாத புரோகிராமை, டேட்டா ஃபைல் எதையும் திறக்காமல் ஓட்டினால் கேள்வி எழணும். அதற்கு முன்னால், அவர் வழக்கமாக என்ன ஓட்டுவார் என்ற பதிவு வேண்டும்.

அப்போ எல்லாத்தையும் பார்க்கலாமா?

இங்கேதான் ஒரு நியாயமான பயம் வருகிறது. ஜாபின் பெயர், ஃபைல் பெயர்கள், ஓடும் கமாண்ட் ஆகியவற்றைப் பார்த்தாலே ஒருவர் என்ன ஆராய்கிறார் என்று ஓரளவு ஊகிக்கலாம். போட்டி நிறுவனங்கள் ஒரே கிளஸ்டரைப் பகிரும்போது இது சின்ன விஷயம் இல்லை. மற்றவர்களின் ஜாப்களைப் பயனர்கள் பார்க்க முடியாதபடி மறைக்கும் வசதி ஸ்லர்மில் இருக்கிறது. அட்மினுக்கு மட்டும் தெரியும். அளவுகளை, அதாவது எத்தனை சதவீதம், எத்தனை வாட், எவ்வளவு மெமரி என்பதை எடுக்க உள்ளே இருக்கும் டேட்டாவைத் தொடவேண்டிய அவசியமே இல்லை. மின்சார வாரியம் மீட்டரைப் பார்க்கிறது, வீட்டுக்குள் வந்து என்ன சமையல் என்று பார்ப்பதில்லையே.

அளவுக்கு மீறிக் கண்காணித்தால் அதுவும் தொல்லை. 'என் ஜாப் ஓடுதா, ஓடுதா' என்று நொடிக்கொரு தடவை கமாண்ட் அடிக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைப்பவர்கள் உண்டு. நூறு பேர் இப்படிச் செய்தால் க்யூவை நடத்தும் சர்வரே திணறும். இப்படிச் செய்யாதீர்கள் என்று ஸ்லர்மின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கு.

இந்தியாவில் யார் கண்காணிக்கணும்?

அரசு கல்வி நிறுவனங்களில் உள்ள பரம் மெஷின்களுக்கு விடை ஓரளவு தெளிவு. அவற்றை உருவாக்கும் சி-டாக், பல கிளஸ்டர்களை ஒரே இடத்திலிருந்து கண்காணிக்க 'சி-சக்ஷு' என்ற சொந்தக் கருவியையும் வைத்திருக்கிறது.

இந்தியா ஏஐ திட்டம் வேறு மாதிரி. அங்கே ஜிபியுக்கள் அரசுக்குச் சொந்தமில்லை. தனியார் டேட்டா சென்டர் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, பயனர் மணிக்கணக்கில் எடுக்கிறார், செலவில் 40 சதவீதம் வரை அரசு மானியமாகத் தருகிறது. மணிக்கணக்கு வாடகை என்ற முறையிலேயே ஒரு கோணல் இருக்கு. ஜிபியு உழைத்தாலும் பில் அதேதான், தூங்கினாலும் பில் அதேதான். வாடகைக்கு விடுபவருக்கு 'உங்க ஜிபியு சும்மா கிடக்கு' என்று போன் பண்ணிச் சொல்ல வியாபார ரீதியாக எந்த அவசியமும் இல்லை. எடுத்தவருக்குச் செலவில் ஒரு பகுதி மானியம் என்பதால் வலி குறைவு. மீதி வலி வரி கட்டுகிறவருக்கு. ஒதுக்கிய மணிகளோடு பயன்படுத்திய மணிகளையும் காட்டச் சொல்வதை மானியத்தின் நிபந்தனையாகவே வைக்கலாம். தொழில்நுட்பத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

இதற்கு நடுவில் 2025 டிசம்பரில் இன்னொரு செய்தி வந்தது. ஸ்லர்மைப் பராமரித்து வந்த ஷெட்எம்டி நிறுவனத்தை என்விடியா வாங்கிவிட்டது. ஜிபியு விற்கும் நிறுவனத்தின் கையிலேயே அந்த ஜிபியுவுக்கான க்யூவை நடத்தும் மென்பொருளும் இப்போது இருக்கிறது. ஸ்லர்ம் தொடர்ந்து ஓப்பன் சோர்ஸாகவே இருக்கும், எந்த நிறுவனத்தின் சிப்புக்கும் பாரபட்சம் இருக்காது என்று என்விடியா உறுதி சொல்லியிருக்கிறது. கோட் பொதுவில் இருப்பதால் பிடிக்காவிட்டால் பிரித்து எடுத்து நடத்தவும் வழி உண்டு. ஆனாலும் 'இன்னும் எத்தனை ஜிபியு தேவை' என்ற கேள்விக்கு விடை, இருக்கும் ஜிபியு எவ்வளவு உழைக்கிறது என்ற கணக்கிலிருந்துதான் வரும். அந்தக் கணக்கை எடுக்கும் கருவியை விற்பவரிடம் மட்டும் விட்டுவிடாமல், சி-டாக் மாதிரி ஒரு பொது அமைப்பும் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

அடுத்த முறை '50,000 ஜிபியு' என்று ஒரு அறிவிப்பு வந்தால், அதைப் பற்றி நாடாளுமன்றத்திலோ ஆர்.டி.ஐ.யிலோ கேட்க மூன்று எண்கள் போதும். போன மாதம் ஒதுக்கிய மொத்த ஜிபியு-மணி எவ்வளவு, அதில் ஜிபியு உண்மையில் உழைத்த மணி எவ்வளவு, க்யூவில் ஒரு ஜாப் சராசரியாக எத்தனை மணி நேரம் காத்திருந்தது. ஸ்லர்ம் மாதிரி ஒரு மென்பொருளும் ஜிபியு மீட்டர்களும் இருக்கும் இடத்தில் இந்த மூன்றையும் எடுக்க சில கமாண்டுகளே போதும்.